வெட்டிப் போட்ட கார்டு

பிப்ரவரி 11

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை; இந்த நோட்டிடமே இருக்கட்டும். எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதி வைத்ததில்லை. எழுதினால் மார்க் வர வேண்டும், இல்லையென்றால் எதற்கு விளக்கை எரிக்கிறாய் என்பாள் அம்மா. ஆனால் இன்று வங்கியிலிருந்து வந்த பிறகு வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருக்கிறது.

தங்கைக்கு பிசியோதெரபி படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடன் வாங்க வேண்டும். அப்பா பெயிண்டர், வேலை இருக்கும் நாளில் கூலி. வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்தான், அதனால் கடனில் என் கையெழுத்தும் வேண்டும். சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். அடுத்தவர் தாளில் பிழை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம்!

கடன் பிரிவு மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா. ஒரு கிரெடிட் கார்டு பாக்கி ரெண்டு வருஷமா நிக்குது."

"என்கிட்ட கார்டே இல்லையே மேடம். அதை அப்பவே வெட்டிப் போட்டுட்டேன்."

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"வெட்டினா பிளாஸ்டிக்தாம்மா போகும். கணக்கு அப்படியேதான் இருக்கும்."

பிப்ரவரி 12

வேலையில் சேர்ந்த முதல் மாதமே அந்தக் கார்டைக் கொடுத்தார்கள். வங்கி ஆள் அலுவலகத்துக்கே வந்து, என் போனை வாங்கி ஏதேதோ அழுத்தி, "ரெடி மேடம்" என்றார். என்னை முதன்முதலில் மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் காட்டியபோது அப்பா அதைத் தொடக்கூட இல்லை. "கடன் வாங்குறதுக்கு ஒரு அட்டையா? நமக்கு இது வேண்டாம் ஆபீசர்." பட்டம் வாங்கியதிலிருந்து நான் அவருக்கு ஆபீசர். அவர் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூட வேலை பார்க்கிற பெயிண்டர்கள் எல்லோரிடமும் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

வங்கிக்குச் சொல்லிக் கணக்கை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்டுக் கட்டணம், அதைக் கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. பில் எல்லாம் பழைய கல்லூரி மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. ஒரு ஊசிகூட வாங்காமல் கடன்காரி ஆகியிருக்கிறேன். இதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும்.

பிப்ரவரி 13

பொய் சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது தங்கை கேட்டாள், "பேங்க்ல என்னக்கா சொன்னாங்க?" எல்லோரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"அப்பாவுக்கு நிரந்தர வருமானம் இல்லைன்னு யோசிக்கிறாங்க."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? யோசித்துச் சொல்லவில்லை. நாக்கிலேயே தயாராக இருந்தது. அப்பா "ஓ" என்றார். தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17

அலுவலகக் கழிப்பறையில் நின்றுகொண்டு போனிலேயே வேறு மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றாவது கண்ணை மூடிக்கொள்ளாதா என்று. மூன்றுமே மறுத்துவிட்டன.

பிப்ரவரி 20

அப்பா இன்று வேலைக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார். வந்து அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கும் மாசம் இவ்வளவு வருதுன்னு ஒரு லெட்டர் குடுங்கன்னு கேட்டேன். அதுக்கு அவரு, 'எதுல எழுதித் தர, சுவத்துலயா? நீயே எழுதி நீயே பெயிண்ட் அடிச்சுக்கோ'ங்கிறாரு. ஆபீஸே சிரிச்சுது. நல்லாத்தான் பேசுறாரு மனுஷன்."

அம்மா சிரிக்கவில்லை. தங்கை கையைக் கழுவப் போய்விட்டாள். நான் அப்பாவின் விரல்களைப் பார்த்தேன். நகத்தில் ஒட்டிய பெயிண்டை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். என் தப்புக்கு அவரைக் கொண்டுபோய் அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சிட்டேனே — வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பாரா?

பிப்ரவரி 21

சொல்லிவிட்டேன். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வட்டி வரைக்கும். அவர் பிரஷ்ஷை உதறி ஓரமாக வைத்தார்.

"அப்போ என்னால இல்லையா?"

"இல்லப்பா."

"நெஜமாவா?"

"என்னாலதாம்ப்பா."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்ட பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிரஷ்ஷை மறுபடி கையில் எடுத்து, "கார்டு வேண்டாம்னு சொன்னது நான்தானே" என்று ஆரம்பித்தார். அதைக்கூட என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

"படிச்சவ நாந்தானேப்பா" என்றேன்.

பிப்ரவரி 22

தங்கையை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. இன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கார்டு விஷயம் தெரியாம நடந்தது, அதை விடு. அப்பா தலையில ஏன் போட்ட?"



மார்ச் 3

திரும்ப மேடத்திடம் போனேன். அரை மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

"வேற மூணு பேங்க்லயும் கேட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"ஒவ்வொரு கதவைத் தட்டுறதும் பதிவாகும்மா. இவங்களுக்குப் பணமுடைன்னு அர்த்தம் வரும். இனி தட்டாதீங்க."

பாக்கி முழுவதையும் கட்டச் சொன்னார். பாதி கட்டினால் போதும், முடித்துவிடலாம் என்று போனில் ஆசை காட்டுவார்களாம். அதுவும் கரும்புள்ளியாக நிற்குமாம். கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, கணக்கை மூட எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு சிறிதாக ஒரு டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு வாங்க வேண்டும்.

"திரும்பவும் கார்டா மேடம்?"

"கடனே வாங்காதவங்களை எங்களுக்கு அடையாளம் தெரியாதும்மா. வாங்கி, நாள் தவறாம கட்டுறவங்களைத்தான் தெரியும்."

எங்கள் வீட்டில் நல்ல மனுஷன் என்றால் ஒரு பைசா கடன் இல்லாதவன். இதை அப்பாவுக்கு எப்படி விளக்குவேன்?

மார்ச் 9

கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் போய்விட்டது. தங்கை புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டினாள். நுழைவுத் தேர்வு மதிப்பெண் அடுத்த ஆண்டுக்கும் செல்லுபடியாகும் என்று சொல்லப் போனேன். டேப்பைக் கிழிக்கும் சத்தத்தில் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 25

தங்கை மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "அக்கா, படிப்புப் பேச்சை மட்டும் எடுக்காத. மத்தது எது வேணா பேசு."

மறுபடி பேசுகிறாளே, அது போதும்.

ஏப்ரல் 16

பழைய பாக்கி தீர்ந்தது. என் சேமிப்பில் மிஞ்சியது டெபாசிட்டுக்குப் போனது. புதுக் கார்டு வந்துவிட்டது.

அம்மா: "செத்த பாம்புக்கு உயிர் வந்துருச்சா? என் துணி பக்கத்துல வைக்காதடி."

அப்பா இந்த முறை கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "பார்த்து நடந்துக்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். ஆபீசர் என்று கூப்பிடவில்லை. கொஞ்ச நாளாகவே இல்லை.

மே 2

போன் பில்லும் பஸ் பாஸும் மட்டும். கவுண்டரில் கார்டை நீட்டும்போது திருடிய பொருளை நீட்டுவது போல இருந்தது.

ஜூன் 6

நல்லவேளை! பில் கட்டப் போனால், குறைந்தபட்சத் தொகை என்பதில்தான் தானாகவே டிக் விழுந்திருந்தது. அதைக் கட்டினால் போதும்போல என்று அழுத்தப் போனேன். மீதிக்கு வட்டி ஏறியிருக்கும். மொத்தத் தொகையை மாற்றி அழுத்தினேன்.

ஆகஸ்ட் 19

பக்கத்து இருக்கைக்காரி: "கார்டு வச்சிருக்க, லிமிட் இருக்கு, இந்த ஒடஞ்ச போனை மாத்தேன்டி. தவணையில கட்டிக்கலாம்." ஸ்கோர் ஏறுவதற்காக லிமிட்டில் கால்வாசியைத் தாண்டாமல்தான் செலவு செய்கிறேன் என்று சொல்லக் கூச்சம். "இந்தப் போன்தான் எனக்கு ராசி" என்றேன். "கஞ்சப் பிசினாரி" என்றாள். அந்தப் பெயர் பரவாயில்லை.

நவம்பர் 12

தங்கை தன் சம்பளத்தில் அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அம்மா அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் எவ்வளவு தூசி என்று எங்களைத் திட்டினாள். மருந்துக்கடைக்காரர் கடைச் சாவியைத் தங்கையிடம்தான் விட்டுவிட்டுப் போகிறாராம். எல்லோரும் சிரித்தோம். கழுத்து வலியோடு வருகிறவர்களுக்கு மாத்திரையோடு சேர்த்து எப்படிக் குனிய வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறாளாம். எங்கே படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 28

மேடம் திரையைப் பார்த்தார். "பிரமாதம்னு சொல்ல மாட்டேன். ஆனா இது போதும். விண்ணப்பம் போடலாம். தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க."

நன்றி சொன்னேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது. வங்கி இனி என்னை நம்பும். அவள்?

பிப்ரவரி 3

இன்றும் கேட்கவில்லை. அவளுக்கு இப்போது சம்பளம், சாவி, மரியாதை எல்லாம் இருக்கிறது. மறுபடி ஆசை காட்டுகிறேனா? என் மனசாட்சிக்காகக் கேட்கிறேனா, அவளுக்காகவா?

பிப்ரவரி 6

காலையில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா டப்பாக்களை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "என்ன ஆபீசர்?" என்றார். நான் தங்கை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"வாலு, நீ எடுக்காதன்னு சொன்ன பேச்சுதான். வேணாம்னா வேணாம்னு சொல்லிடு, திரும்பக் கேக்க மாட்டேன். பேங்க்ல இந்தத் தடவை சரின்னுட்டாங்க. காலேஜுக்குத் திரும்ப விண்ணப்பம் போட இன்னும் ஒரு வாரம் இருக்கு. கடன் பாரத்துல என் பேருக்குப் பக்கத்துல இன்னொரு தடவை உன் கையெழுத்தைப் போடுவியாம்மா?"