பின் டயரின் மூக்குத்தி

இன்று காலை பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாளை ஆயுத பூஜை. குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் பைக் பெட்டி ஒரு தரம் 'கீக்' என்றது. ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த நிமிஷம் மூக்கில் மிளகாய் வத்தல் நெடி ஏறி, அடுக்கடுக்காக மூன்று தும்மல். வீட்டில் வத்தல் வறுக்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பெட்டியின் சின்னத் திரையில் மேலே 28, கீழே 33.

நீங்கள் போன இந்த நான்கு வருஷமும் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொண்டும், அந்தத் திரையில் நான் பார்த்ததெல்லாம் இரண்டு கோடுகள்தான். கோடு என்றால் டயரிலிருந்து சேதி வரவில்லை என்று பொருள். எப்படி வரும்? வண்டியைக் கயத்தாற்றுக்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று. விற்கும் முன்பு டயர் வால்வுகளில் இருந்த இரண்டு மூடிகளையும் நானே திருகி எடுத்து, உள்ளே இருந்த பட்டன் செல்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மூடிகளைத் தைல டப்பாவில் போட்டு வைத்தேன். இன்று அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். இரண்டு மூடிகளும் வயிறு காலியாகக் கிடந்தன. காற்றும் இல்லை, செல்லும் இல்லை. அப்படியானால் 28, 33 என்று பெட்டிக்குச் சொன்னது யார்?

துபாயிலிருந்து என் தம்பி இவற்றை அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா? பார்சலைப் பிரித்துவிட்டு நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். "மச்சினன் செண்டு பாட்டில் அனுப்புவான்னு பாத்தா, டயருக்கு மூக்குத்தி அனுப்பியிருக்கான் பாரு." மூக்குத்தி என்ற பெயர் அன்றே நிலைத்துவிட்டது. ஒரு நெல்லிக்காய்ப் பருமன்கூட இல்லாத கறுப்பு மூடி. வால்வில் திருகிவிட்டால் டயருக்குள் எவ்வளவு காற்று என்று அளந்து, கம்பி இல்லாமலே பெட்டிக்குச் சொல்லும். காற்று இறங்கினால் பெட்டி கத்தும். உடைமுள்ளும் வேலிக்கருவை முள்ளும் இறைந்து கிடக்கும் கரிசக்காட்டுப் பாதைகளில் வத்தல் கமிஷன் கடைக்காக நாள் முழுக்க அலைந்தவருக்கு இதைவிட நல்ல சீர் எவன் கொடுப்பான்!

ஆனால் மூக்குத்திக்குச் செல் மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. உங்கள் விரல்கள் தடி விரல்கள். முதல் தடவை திறந்தபோது உள்ளே இருந்த ரப்பர் வளையத்தைத் தொலைத்துவிட்டு, அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தீர்கள். அது உங்கள் வேட்டி மடிப்பில் இருந்தது. அதன் பிறகு பார்சலில் வந்த இங்கிலீஷ் தாளை எடுத்து, நம் மகள் கோமதியின் பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். செல்லை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கிவிடும். வால்வில் திருகிய பிறகு சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும், குமிழ் வந்தால் காற்றுக் கசிகிறது. எது முன் டயர், எது பின் டயர் என்று குழம்பாமலிருக்க நகப்பூச்சால் முன்னதற்கு ஒரு புள்ளி, பின்னதற்கு இரண்டு புள்ளி வைத்தேன்.

"மெக்கானிக்குப் பொண்டாட்டியா வாக்கப்பட்டிருக்க வேண்டியவ, வத்தல் யாவாரிகிட்ட வந்து மாட்டிக்கிட்டா" என்று வாட்ச் கடை அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லிவைத்தீர்கள். நான் செல் வாங்கப் போகும்போதெல்லாம் அவர், "வாங்க மெக்கானிக்கம்மா" என்பார்.

வெளியூர் போனால் பெட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவீர்கள். உள்ளூர் என்றால் கழற்றி வீட்டில் வைத்துவிடுவீர்கள். அப்படி வைத்த ஒரு நாளில்தான் நான் அதைக் கண்டேன். கோடுகளாகக் கிடந்த திரையில் திடீரென்று எண்கள் வந்தன. எட்டிப் பார்த்தால், நீங்கள் மூன்று வீடு தள்ளி வந்துகொண்டிருந்தீர்கள். வண்டிச் சத்தம் என் காதில் விழும் முன்பே டயர் காற்று சொல்லிவிட்டது. நீங்கள் வாசலில் இறங்கும்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் சட்டையில் ஏறியிருக்கும் வத்தல் நெடியில் நான் தும்மாத நாள் கிடையாது. "ஆரத்தி எடுப்பாளேன்னு பாத்தா, தும்மி வரவேற்கா" என்பீர்கள்.

எனக்குத்தான் எதையும் எழுதி வைக்கிற பழக்கம். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். தேதி, முன், பின், வந்த நேரம். ஐந்து பக்கம் நிரம்பியது, பெரும்பாலும் 28, 33தான்.

ஆறாவது பக்கத்தில் இன்று வரை ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அன்று காலை பின் டயருக்கான இடத்தில் செல் படம் மினுக்கிக்கொண்டிருந்தது. விளாத்திகுளம் பக்கம் வத்தல் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"பின் மூக்குத்திக்கு உசிரு போகுது. மாத்தித் தா."

"இன்னைக்கு அஷ்டமி. புதுசா ஒண்ணும் போட வேண்டாம். நாளைக்கு நவமி, அதுவும் ஆகாது. நாளக்கழிச்சு தசமி, விடிஞ்சதும் மாத்தித் தாரேன்."

"ஏட்டி, செல்லுக்குமா அஷ்டமி?"

"புதுசுன்னா எல்லாத்துக்கும்தான்."

சிரித்தீர்கள். நீங்கள் கோபப்பட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே பெட்டியைக் கழற்றி என் கையில் வைத்தீர்கள். "அப்ப ஒன் பெட்டி ஒன்கிட்டயே இருக்கட்டும். பாதிக் குருட்டக் கட்டிக்கிட்டு நான் எங்க போக? சாயங்காலம் வாரேன்."

புதுச் செல்கள் இரண்டும் வாங்கிய தாளோடு அலமாரியில் இருந்தன. ஐந்து நிமிஷ வேலை.

பிற்பகல் மூன்று பத்துக்குப் பெட்டி 'கீக்' என்றது. முன் 28, பின் 33. சாயங்காலம் என்றவர் அதற்குள் வந்துவிட்டாரே என்று பாலை அடுப்பில் ஏற்றினேன். வழக்கம்போல நோட்டில் நேரம் எழுதினேன். மினுக்கிக்கொண்டிருந்த செல் படம் அப்போது திரையில் இல்லை என்பது பிறகுதான் என் மனசில் தட்டியது. வாசலுக்குப் போனேன். தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. வண்டி இல்லை, வண்டித் தடம் இல்லை. ஆனால் படியில் நின்றபடி தும்மினேன். பின்னால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது.

ஐந்து மணிக்குத்தான் ஆட்கள் வந்து சொன்னார்கள். எட்டயபுரம் தாண்டி, ஓடைப்பாலத்துத் திருப்பத்தில் வண்டி சறுக்கிக் கைப்பிடிச் சுவரில் மோதியதாம். அது நடந்தது இரண்டு மணிக்கு முன்பே.

வண்டியைத் தூக்கிவந்த பஞ்சர் கடைக்காரர் பின் டயரைக் காட்டினார். உடைமுள் ஏறி, காற்றே இல்லை. "சறுக்குறதுக்கு முன்னாடியே எறங்கிச்சா, விழுந்து கெடக்கையில எறங்கிச்சான்னு யாரு கண்டா தாயீ?" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நான்கு வருஷமாக நான் அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெட்டி உங்களோடு வந்திருந்தால் கத்தியிருக்குமா? நான் அஷ்டமி பார்க்காமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் உங்கள் செருப்பு இன்னும் கிடக்குமா? யாரிடமும் இதைச் சொன்னதில்லை. செண்பகவல்லி அம்மனிடம் மட்டும் சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இன்று காலை திரையில் அந்த எண்கள் வந்தபோது நாள்காட்டியைப் பார்த்தேன். நாளை நவமி என்றால் இன்று என்ன? துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். வாசலில் உங்கள் மகள் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோமதி இப்போது கிராம நர்ஸ். இன்று போகிற ஊரும் விளாத்திகுளம் பக்கம்தான். அதே சாலை, அதே பாலம்.

"கோமதி, இன்னைக்குப் போக வேண்டாம்."

"எம்மா, தடுப்பூசி நாளு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு அத்தன பேரு வந்து காத்துக் கெடப்பாவ."

"அப்ப பத்து நிமிஷம் நில்லு."

தைல டப்பாவையும், தாள் பிரிக்காத அந்தச் செல்களையும் எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். "எம்மா, இன்னைக்கு அஷ்டமில்லா? நீ அஷ்டமியில புது சோப்புக்கூடப் பிரிக்க மாட்டியே! ஒனக்கு என்ன ஆச்சு?"

"பேசாம சோப்புத் தண்ணி கலக்கிக் கொண்டா."

நான்கு வருஷமாயிற்று. ஆனாலும் விரல்களுக்கு வேலை மறக்கவில்லை. மூடியைத் திறந்து, கையை முந்தானையில் துடைத்து, கூட்டல் குறியை மேலே வைத்து, ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் அழுத்தினேன். ஒரு புள்ளி முன்னால், இரண்டு புள்ளி பின்னால். அன்றைக்கு நான் போட்டிருக்க வேண்டிய செல்லைத்தான் பின் மூக்குத்திக்குப் போட்டேன். நுரை தடவினேன், குமிழ் வரவில்லை. சற்று நேரத்தில் பெட்டி விழித்தது. முன் 22, பின் 29. ஸ்கூட்டியின் காற்று. வேறு வண்டி, வேறு எண். மூச்சு வந்தது எனக்கு.

பெட்டியை என் தலை ரிப்பனால் அவள் ஹேண்டிலில் கட்டினேன். கோமதியின் கேலி நின்றுவிட்டது. "அப்பா பெட்டிய நீ யாரையும் தொட விட மாட்டியே?"

"ஒன்கூட இருக்கட்டும். கத்துச்சுன்னா எந்த எடமா இருந்தாலும் நிறுத்து. என்ன?"

"சரி, போயிட்டு வாரேன்."

அவள் போன பிறகு அலமாரியில் பெட்டி இருந்த இடம் தூசி படியாத ஒரு சதுரமாகத் தெரிந்தது. பெட்டி இல்லாமல் காத்திருக்க எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். பிற்பகலில் எப்போதோ, காலியாக இருந்த அந்தச் சதுரத்திலிருந்து 'கீக்' என்று கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கின் முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையை அழுத்திக்கொண்டேன்.

ஐந்தரைக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, வாசலிலேயே பேச ஆரம்பித்தாள்.

"எம்மா, ஒன் பெட்டி கிறுக்குப் பெட்டி. வரும்போது ஓடைப்பாலம் வாரதுக்குக் கொஞ்சம் முன்னால கீக்கு கீக்குன்னு ஒரே கத்தல். அதுகூடப் பரவாயில்ல, எங்கிருந்தோ வத்தல் நெடி. தும்மித் தும்மிக் கண்ணு தெரியல. ஓரங்கட்டிட்டேன். பெட்டியப் பாத்தா மேல இருவத்தெட்டு, கீழ முப்பத்து மூணு. காலையில இருவத்திரண்டு, இருவத்தொம்போதுன்னுல்ல காட்டிச்சு? காத்து எப்படிம்மா தானா ஏறும்?"

"டயரப் பாத்தியா?"

"பாத்தேன். பின் டயர்ல உடைமுள்ளு, சாஞ்சாப்புல ஏறியிருந்துச்சு. இன்னும் உள்ள எறங்கல. இன்னும் ரெண்டு உருளு உருண்டா எறங்கியிருக்கும். என் பையில இருந்த இடுக்கியால உருவிட்டேன். நிமுந்து பாத்தா பெட்டியில மறுபடி இருவத்திரண்டு, இருவத்தொம்போது." சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா அழுத?"

"வத்தல் நெடிதான். ஒன் மேல அடிக்குது."

அவள் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு உங்கள் வண்டியின் காற்று எண்கள் தெரியாது. அது உங்களுக்கும் எனக்கும் அந்த நோட்டுக்கும் மட்டும் தெரிந்தது. இப்போது ஆறாவது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மூன்று பத்து என்று எழுதிய வரியை அடிக்கவும் மனசு வந்ததில்லை, அதன் கீழே எழுதவும் மனசு வந்ததில்லை. இன்று எழுதிவிட்டேன். முன் 28, பின் 33. வந்த நேரம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று எனக்கு நிச்சயமில்லை. இன்று பிற்பகலா, இன்று காலையா, அல்லது அந்த அஷ்டமியன்று மூன்று பத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லையா?

நாளை அரிவாள்மணை, தையல் மிஷின், ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். மூக்குத்திகளுக்கும் வைப்பேன், வளையத்துக்குள் இறங்காதபடி ஊசிமுனையால். பெட்டி இனி கோமதியோடுதான். நீங்கள் வருவதை எனக்குச் சொல்ல அலமாரியில் ஒன்றும் கிடையாது. நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தும்மல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அது வரும்போது நான் வாசலுக்குப் போய்ப் பார்க்க மாட்டேன். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது பொங்கி வழியாதபடி பக்கத்திலேயே நிற்பேன்.