ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு

3 நவம்பர் 2024, ஞாயிறு

மகன் சரவணன் போன் செய்தான். கார் வாங்கப் போகிறானாம். "செடானா, எஸ்யூவியா நைனா? நீயே வந்து பாத்து சொல்லு" என்றான். கல்யாணத்துக்கு என்னைக் கேட்கவில்லை. சென்னையில் வீடு பார்த்தபோதும் கேட்கவில்லை. பரவாயில்லை, இதையாவது கேட்டானே. பெண்டாட்டி மாலாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "ஒரு தபா சொன்னாலே எனக்குக் காது கேக்கும்யா" என்றாள்.

4 நவம்பர்

செடான் என்றால் என்னவென்று தேவேந்திரனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. என் தோணியில் கூட வருகிற பங்காளி, சென்னையில் கொஞ்ச காலம் கார் ஓட்டியவன். "டிக்கி பின்னால தனியா நீட்டினு இருக்கும், தரையோட தரையா போவும். எஸ்யூவின்னா ஜீப்பு மாரி ஒசரம். மழையில நம்மூருக்கு வரணும்னா ஒசரந்தான்."

இவ்வளவுதானா விஷயம்? இதற்குப் படிப்பு வேண்டாம், தண்ணீரைத் தெரிந்தால் போதும்.

13 நவம்பர்

இரண்டு நாளாக மழை. ஊருக்கு வருகிற கோட்டைக்குப்பம் திருப்பத்தில் ரோட்டில் தண்ணீர். தோணி தள்ளுகிற கழியை எடுத்துப் போய், ஏரியில் ஆழம் பார்ப்பது போலவே ஆறு இடத்தில் ஊன்றிப் பார்த்தேன். அதிகம் என்றால் ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு. வலைநூலில் அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எந்த வண்டியின் அடிப்பக்கம் முடிச்சுக்கு மேலே நிற்கிறதோ, அதுதான் நம் வண்டி. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

15 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்கு வரச் சொல்கிறான். அன்றைக்குத்தான் பாடு குலுக்கல் — ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டு எடுக்கிற நாள். பெயர்க்காரன் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தச் சுற்று முழுக்கப் பெயர் கிடையாது. முப்பது வருஷத்தில் நான் தவறியதில்லை. இறால் ஓடுகிற நேரம் வேறு.

"வேற நாள் வெச்சுக்கக் கூடாதாடா?" என்றேன்.

"வித்யா அப்பாவுக்கு அன்னிக்குதான் தோதுப்படும் நைனா."

சம்பந்தி வேதாசலத்துக்குத் திருப்பாலைவனத்தில் நெல் வயல். அவருடைய தோது பெரிய தோது. சரி, பிள்ளை ஒரு தடவைதான் கேட்கிறான். போகிறேன்.

17 நவம்பர்

வெள்ளை செடான். மேலே ரிப்பன். பக்கத்துப் பலகையில் 'சரவணன் – வித்யா, வாழ்த்துகள்'. வேறு யாரோ சரவணன் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

நேரே போய் முட்டி போட்டு நூலைப் பிடித்தேன். செடான் முடிச்சுக்குக் கீழே போய்விட்டது. அடுத்து நின்ற எஸ்யூவிக்கு முடிச்சு தாராளமாக உள்ளே தொங்கியது. "இதான்டா" என்றேன்.

விற்கிறவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், உங்க வண்டி அது. போன மாசமே புக் பண்ணியாச்சு."

சம்பந்திக்கு செடான்தான் பிடிக்குமாம். பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் கொடுத்து எல்லோரையும் பிடிக்கச் சொன்னார்கள். போட்டோவுக்கு. அதற்குத்தான் நான்.

"நம்ம ரோட்டுக்கு இது எப்டிடா வரும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்த ரோட்டுக்கு எத்தினி தபா போவப் போறோம் நைனா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. அப்ப இன்னாத்துக்குடா என்ன கேட்ட? குலுக்கல வுட்டுட்டு வந்தேனேடா — இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. வாயில் கேக் ஊட்டிவிட்டார்கள்.

18 நவம்பர்

பெயர் போய்விட்டது. பஞ்சாயத்தில் கேட்டதற்கு, "ரூலு உனுக்குத் தெரியாதா ராஜவேலு?" என்றார்கள். தெரியும். போன வருஷம் இன்னொருவனிடம் இதையே சொன்னவன் நான்தான்.

2 டிசம்பர்

புயல் கடந்துவிட்டது. ரோட்டில் முழங்கால் தண்ணீர். இதில் எஸ்யூவியும் வராது. அற்ப சந்தோஷம்.

20 டிசம்பர்

தேவேந்திரன் முறையில் கூலிக்குப் போகிறேன். என் தோணி, என் வலை, அவன் பெயர். அவன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் திரும்பத் திட்டியாவது இருப்பேன்.

14 ஜனவரி 2025, பொங்கல்

போனில் வாழ்த்துச் சொன்னான். திருப்பாலைவனத்தில் இருக்கிறார்களாம். காணும் பொங்கலுக்கு இங்கே வருவதாகச் சொல்கிறான். மாலா இப்போதே இறாலுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

16 ஜனவரி, காணும் பொங்கல்

ரோடு காய்ந்து புழுதி பறக்கிறது. காலையிலிருந்து சென்னைக் கூட்டம். சின்னச் சின்னக் கார்களெல்லாம் வாசலைத் தாண்டிப் போகின்றன. மாலா நாலு மணிக்கே எழுந்து இறால் உரித்தாள். நான் சவரம் செய்து, வேட்டி மாற்றி, ஒன்பது மணியிலிருந்து திருப்பத்தில் நின்றேன்.

பதினொன்றரைக்குப் போன். "ரோட்ல தண்ணி நிக்குதா நைனா?"

பொங்கலுக்கு ஏது தண்ணீர்? அவனும் இங்கே பிறந்தவன்தான். அந்தக் குரலில் என்ன பதிலை எதிர்பார்க்கிறான் என்று தெரிந்துவிட்டது.

"நிக்குது. முடிச்சுக்கு மேலயே நிக்குது. வர வேணாம்டா, வண்டி கெட்டுடும்."

"அய்யோ... சரி நைனா. அம்மாவ கேட்டேன்னு சொல்லு." உடனே வைத்துவிட்டான்.

திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

வீட்டுக்கு வந்து, "ரோட்ல தண்ணியாம், வரலையாம்" என்றேன். மாலா என் காலைப் பார்த்தாள். புழுதி. குழம்பைத் தூக்கில் ஊற்றி, தேவேந்திரன் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.