கண்ணாடி வீட்டுச் சொந்தக்காரங்க

மார்ச் 4

அடி வாலு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகுது. பழக்கம் விடுமா? உன் நம்பருக்குப் போன் போட்டா ஒரு பொம்பளை வந்து, இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு சொல்றா. அவ குரல் எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இனிமே அவகிட்டப் பேச ஒண்ணுமில்லைன்னுதான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவதோட நின்ன கையெழுத்து. கோணலா இருந்தா சிரிச்சுக்கோ, திருத்தாதே.

நீ போய் நாற்பத்தோரு நாள் ஆச்சு. மூணே நாள் காய்ச்சல். இன்னும் எனக்கு நம்ப முடியலை. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் "மனசைத் தேத்திக்கோம்மா"ன்னு சொல்லிட்டு, அதே மூச்சுல "ரவிக்கை எப்போ ரெடியாகும்?"னு கேக்கறாங்க. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. தைக்கிறதுக்கு ஏதாவது இருந்துக்கிட்டே இருக்கணும்.

நேத்து உங்க ஆராய்ச்சிக் கூடத்து மேடம் கூப்பிட்டாங்க. உன் அலமாரியைக் காலி பண்ணித் தரணுமாம். போனேன். நாலு மாடிக் கட்டடம். கீழே செடி, அதுக்கு மேலே கிருமி, அதுக்கு மேலே இயற்பியல், உச்சியில டாக்டருங்க. லிப்டு ரிப்பேர். நல்லவேளை நீ கீழ்த்தளத்துல இருந்தே.

அலமாரியில ஒரு சீப்பு, பாதி பிஸ்கட்டு பாக்கெட்டு, நான் தைச்ச வெள்ளைக் கோட்டு. இடது பையில ஏதோ திராவகம் பட்டு ஓட்டை. ஏன்டி என்கிட்ட சொல்லலை? ஒட்டுப் போட்டுத் தந்திருப்பேனே.

அப்புறம் மேடம் உன் கண்ணாடி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. நீளமா ஒரு மேசை. தொட்டி தொட்டியா உன் செடி. ஒவ்வொண்ணுலயும் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒண்ணு குத்தி, அதுல உன் கையெழுத்து. நான் குனிஞ்சு படிச்சேன். பெரியப்பா. சித்தி. நாத்தனார். ஓரகத்தி. மாமா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. நாத்தனார் நிமிர்ந்து நிக்கிறா, மாமா துவண்டு கிடக்கிறார். வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கினேன். மேடம் நான் அழறேன்னு நினைச்சு முதுகைத் தடவிக் குடுத்தாங்க. நானும் அப்படியே இருந்துட்டேன். மரியாதையா இருக்கட்டும்னு.

அதுக்கப்புறம்தான் அவங்க விஷயத்தைச் சொன்னாங்க. சில தொட்டிக்கு வேர்ல ஒரு நல்ல கிருமி வச்சிருக்கே, சிலதுக்கு வைக்கலை. சிலது சிவப்பு வெளிச்சத்துல வளர்ந்தது, சிலது நீலத்துல, சிலது சும்மா வெள்ளையில. எந்த இலைச் சாறு ஆறாத புண்ணுல இருக்கற கிருமியைக் கொல்லுதுன்னு மாடியில இருக்கற டாக்டர் பார்க்கணும். எதுக்கு என்ன குடுத்திருக்குன்னு அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடுமாம். நம்பர் போட்டா வரிசையை வச்சு ஊகிச்சுடலாம், அதனாலதான் நம்பருக்குப் பதிலா சொந்தக்காரங்க பேர். டாக்டர் பார்த்து முடிச்சுட்டார். ஆனா எந்த சொந்தக்காரருக்கு என்னன்னு யாருக்கும் தெரியலை. நீ இல்லாத நாள்ல தண்ணி ஊத்தறவர் எல்லாத்தையும் ஒரே மேசைக்கு மாத்திட்டார். ரெண்டு வருஷ வேலை அப்படியே நிக்குது.

"அவ ஒரு நீல நோட்டுல எழுதி வச்சிருந்தா. எப்பவும் கையிலயே வச்சிருப்பா. வீட்டுல இருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களா?"ன்னு கேட்டாங்க.

பார்க்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வாலு, அது வீட்டுல இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலயும் அதைத் தலைமாட்டுல வச்சிருந்தியே. உனக்குப் பிரியமானதுன்னு நெனைச்சு, கடைசியில நான்தான் உன் கையில வச்சுச் சிதைக்கு அனுப்பினேன்.

உன் அக்கா

மார்ச் 9

வாலு,

அஞ்சு நாளா ஒரு வேலை ஓடலை. ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாவே தைச்சுட்டேன். உன் மாமா அதைப் போட்டுப் பார்த்து, "ரெண்டும் இடது கையா இருக்கிற ஆளுக்கு நல்லா இருக்கும்"னாரு. அப்புறம் பக்கத்துல உட்கார்ந்து, "போய்ச் சொல்லிடு. மென்னு முழுங்கினா உனக்குத்தான் அஜீரணம்"னாரு.

போய்ச் சொன்னேன். மேடம், கிருமி பார்க்கற பொண்ணு, செடிக்கு வெளிச்சம் வைக்கிற லைட்டுக்காரப் பையன் மூணு பேரும் இருந்தாங்க. நோட்டை நான்தான் உன் கையில வச்சு அனுப்பினேன்னு சொல்லிட்டேன். யாரும் திட்டலை. கிருமிப் பொண்ணு மட்டும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "நானா இருந்தாலும் அதைத்தான்க்கா வச்சிருப்பேன். அதை விட்டுட்டு அவ எங்கேயும் போக மாட்டா"ன்னா.

மேடம் பெருமூச்சு விட்டு, "உங்ககிட்ட ஏதாவது பேச்சுவாக்குல சொல்லியிருக்காளா?"ன்னாங்க.

சொல்லியிருக்கியே! முழுசா சொல்லியிருக்கியே! ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நீதானே. நான் என்ன பண்ணட்டும்?

"மேடம், போன்ல எல்லாம் சொன்னா, வெளியில சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டா"ன்னேன்.

"டாக்டர் பார்த்து முடிக்கிற வரைக்கும்தான் அந்த ரகசியம். இப்ப நீங்க சொல்லலாம். ஆனா ஒண்ணு, நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் எது ஜெயிச்சதுன்னு உங்களுக்குக் காட்ட மாட்டோம்."

"அது நியாயம்தான்"னேன். "அளவு எடுக்கிறதுக்கு முன்னாடி துணியை வெட்டக் கூடாது."

லைட்டுக்காரப் பையன் நம்பலை. "பன்னிரண்டு தொட்டி அக்கா, எட்டு மாசம் முன்னாடி போன்ல கேட்டது. எப்படி ஞாபகம் இருக்கும்?"

"தம்பி, இந்த ஊர்ல முந்நூறு பேர் மார்பளவு என் தலைக்குள்ள இருக்கு. நோட்டுப் போட்டதே இல்லை. உங்க இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் இறக்கம். கோட்டு தைச்சவன் அதைப் பார்க்கலை."

அவன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கிட்டான். கிருமிப் பொண்ணு, "நான் ரெண்டு வருஷமா சொல்றேன்க்கா, கேக்கறானா?"ன்னா.

நீ போன் பண்ணின அன்னைக்கு நான் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் தைச்சுக்கிட்டிருந்தேன். நீ அந்தப் பக்கம் சீட்டைக் குலுக்கிப் போட்டு ஒவ்வொண்ணா எடுத்தே. எடுத்ததும் படிச்சே, படிச்சதும் சிரிச்சே. எனக்கு ஒவ்வொரு சட்டையும் ஞாபகம் இருக்கு. அதை வரிசையா பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

"பெரியப்பா, கிருமி இல்லை, வெள்ளை வெளிச்சம். யாரையும் அண்ட விடாத மனுஷன், சரியாத்தான் விழுந்திருக்குன்னா. சித்தி, கிருமி உண்டு. ஒரு நிமிஷம் தனியா இருக்க மாட்டாளே! நாத்தனார் நீல வெளிச்சம். டிவி முன்னாடியே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வேற என்ன கலர்னு கேட்டா..."

மேடம் எழுதறதை நிறுத்திட்டு, "சீட்டுப் போட்டுத்தான் எடுத்தாளா? ஆளைப் பார்த்துக் குடுக்கலையே?"ன்னு கேட்டாங்க.

"ஐயோ, சீட்டுதான் மேடம். விழுந்த பிறகுதான் காரணம் கண்டுபிடிச்சா. என் ஓரகத்தி சிவப்புல விழுந்தப்போ எங்களுக்குக் காரணமே கிடைக்கலை. பத்து நிமிஷம் தேடினோம்."

உன் மேடம் சிரிச்சு நான் அப்போதான் பார்த்தேன். வரிசைப் பல். நீ சொன்ன மாதிரி அவ்வளவு சிடுமூஞ்சி எல்லாம் இல்லை.

உன் அக்கா

மார்ச் 17

வாலு,

நான் சொன்னதை அவங்க அப்படியே நம்பிடலை. நம்பியிருந்தா எனக்கே அவங்க மேல மதிப்பு குறைஞ்சிருக்கும். சோதனையை மட்டும் வச்சும் முடிவு பண்ண முடியாதாம், ரெண்டும் ஒத்துப் போகணுமாம். கிருமிப் பொண்ணு ஒவ்வொரு தொட்டியிலயும் ஒரு நூல் அளவு வேரைக் கிள்ளி, கழுவி, தட்டுல தேச்சு, மூடி வச்சா. ரெண்டு நாள் கழிச்சு என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. ஆறு தட்டுல கிரீம் கலர்ல புள்ளி புள்ளியா வந்திருந்துச்சு, ஆறுல இல்லை. நான் உண்டுன்னு சொன்ன ஆறும் அதே ஆறு!

"அக்கா, பேசாம எங்க துறைக்கு வந்துடுங்க"ன்னா.

"வர்றேன். லிப்டைச் சரி பண்ணச் சொல்லு."

லைட்டுக்காரப் பையன் பழைய இலைமேல கிளிப்பு மாதிரி ஒரு கருவியை வச்சு, எந்த வெளிச்சத்துல வளர்ந்துதுன்னு பார்த்தான். பத்து சரி. ரெண்டு தப்பு. மச்சானையும் சம்பந்தியையும் மாத்திச் சொல்லிட்டேனாம். மனசுக்குள்ள திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்த இடத்துலதான் ஊசி விரல்ல குத்தி, நான் "ஸ்ஸ்"னு கத்தினேன், நீ "என்னாச்சுக்கா?"ன்னு கேட்டே. அதுல குழம்பியிருக்கேன். தப்புன்னு ஒத்துக்கிட்டேன். மேடம் அதையும் எழுதிக்கிட்டாங்க. தப்பையும் எழுதற இடம்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. எங்க தொழில்ல தப்பைப் பிரிச்சுட்டு, நூலைக் குப்பையில போட்டுடுவோம்.

இது மட்டும் போதாதாம். இதை வச்சு மொத்தத்தையும் புதுசா ஒரு தடவை வளர்த்துப் பார்ப்பாங்களாம். அதுவும் ஒத்துப் போனா எழுதி அனுப்பலாம், உன் பேருதான் முதல்லன்னு மேடம் சொன்னாங்க. "முதல்ல"ங்கறதை ரெண்டு தடவை சொல்ல வச்சேன்.

அதுக்கப்புறம்தான் டாக்டர் தட்டுகளைக் காட்டினாங்க. புண்ணுக் கிருமி தட்டு முழுக்கப் பாசி மாதிரி படர்ந்திருக்கு. நடுவுல உன் இலைச் சாறு விட்ட இடத்துல மட்டும் வட்டமா சுத்தமா இருக்கு. வட்டம் பெரிசா இருந்தா சாறு கெட்டி. பெரியப்பாவுக்கு வட்டமே இல்லை. நாத்தனாருக்குச் சட்டைப் பித்தான் அளவு. சித்திக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிசு. கிருமியும் சிவப்பும் சேர்ந்ததுதான் ஜோரா இருக்கு.

கடைசியா ஒரு தட்டு. அதுல வட்டம் கோட்டுப் பித்தான் அளவு. அம்மாடி, அவ்வளவு பெரிசு!

"இது யாரு?"ன்னேன்.

மேடம் என்னைக் கண்ணாடி வீட்டு மூலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மேசைக்கு அடியில, தனியா ஒரு தொட்டி. நான் அன்னைக்குப் பார்க்கவே இல்லை. குச்சியில உன் எழுத்து: அக்கா.

"நீங்க பன்னிரண்டு சொன்னீங்க. இது பதிமூணாவது. எங்க திட்டத்திலேயே இல்லை, அவளாவே இலையை டாக்டருக்கு அனுப்பியிருக்கா. இதுக்கு என்ன குடுத்தான்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை."

யோசிக்கிறேன் வாலு.

உன் அக்கா

ஜூன் 20

வாலு,

மூணு மாசம் எழுதலைன்னு கோவிச்சுக்காதே. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், மூச்சு விட முடியலை. உன் மாமாவுக்குப் பித்தான் ஓட்டை போடக் கத்துக் குடுத்துட்டேன். "நான் துவண்ட செடி இல்லை, பாரு"ன்னு எல்லார்கிட்டயும் காட்டறாரு. தொட்டிக் கதையை அவர்கிட்டச் சொன்னதுதான் தப்பு.

பெரிய சேதி முதல்ல. புதுசா வளர்த்தது அப்படியே ஒத்துப்போச்சு! பன்னிரண்டும்! கட்டுரை போயிடுச்சு. மேடம் அச்சடிச்ச தாளைக் குடுத்தாங்க. ஒரு எழுத்து புரியலை, உன் பேர் மட்டும் புரிஞ்சுது. முதல்லதான் இருக்கு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழட்டியும் பார்த்தேன். கடையில மாட்டி வச்சிருக்கேன். அளவு குடுக்க வர்றவங்க எல்லாம் அதுக்கு முன்னாடி நின்னுதான் கையைத் தூக்கணும்.

இப்ப அந்தப் பதிமூணாவது. அதை உன்கிட்டச் சொல்லியாகணும்.

அதோட வேரைத் தேச்சுப் பார்த்தாங்க, உன் நல்ல கிருமி இல்லை. இலையில கிளிப்பு வச்சுப் பார்த்தாங்க, மூணு வெளிச்சத்துலயும் சேரலை. அதுல இருந்து கொம்பு ஒடிச்சு நட்டுப் பார்த்தாங்க, எல்லாம் சாதாரணச் செடியாத்தான் வருது. அப்போ செடியில ஒண்ணுமில்லை, நீ பண்ணினதுலதான் ஏதோ இருக்கு.

கட்டுரை அனுப்பறதுக்கு முந்தின வாரம் மேடம் என்னை உட்கார வச்சாங்க. "இது மட்டும் தெரிஞ்சா, இதுதான் எல்லாத்தையும்விடப் பெரிய விஷயம்"னாங்க. லைட்டுக்காரப் பையன் நாற்காலி நுனியில இருந்தான். இப்ப எல்லாம் நான் சொன்னா நம்பறாங்க வாலு. அதுதான் பயமா இருந்துச்சு. சிவப்பும் நீலமும் மாத்தி மாத்தி வச்சான்னு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தா, உன் பேர் இன்னும் மேலே போயிருக்கும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. உனக்காகத்தானேன்னு மனசு வக்காலத்து வாங்குச்சு. வாயைக்கூடத் திறந்துட்டேன்.

அப்புறம், "தெரியாது மேடம். அவ அந்தத் தொட்டியைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை"ன்னு சொல்லிட்டேன்.

மேடம் பேனாவை மூடி வச்சாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சு, "அவ இங்கே எப்படி வேலை பார்த்தாளோ, நீங்களும் அப்படியே பேசறீங்க"ன்னாங்க. கட்டுரைக் கடைசியில ஒரு வரி சேர்த்திருக்காங்க. ஒரு செடி மட்டும் எல்லாத்தையும்விட நல்லா வேலை செஞ்சுது, காரணம் எங்களுக்குத் தெரியாதுன்னு. அந்த வரியைக் கிருமிப் பொண்ணு எனக்குப் படிச்சுக் காட்டினா.

இப்ப செவ்வாயும் வெள்ளியும் கடையைச் சீக்கிரம் சாத்திட்டு அங்கே போறேன். கிழிஞ்ச கோட்டுக்கெல்லாம் ஒட்டுப் போடறேன். லைட்டுக்காரப் பையனுக்குப் புதுசாவே ஒண்ணு தைச்சுட்டேன், தோள் இறக்கம் வச்சு. வேலை முடிஞ்சதும் மூணு பேரும் நானும் அந்தத் தொட்டியைச் சுத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்போம். ஆளுக்கு ஒரு யூகம். வெந்நீர்ங்கறான் ஒருத்தன். நிழலே காரணம்ங்கறா ஒருத்தி. டாக்டர்கூட மாடியில இருந்து இறங்கி வந்து, அது பக்கத்துல நின்னு போன் பேசியிருப்பாளோன்னு கேட்டுட்டுப் போனார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. நீ தினமும் சாயங்காலம் என்கூடப் பேசினது எங்கே நின்னுக்கிட்டுன்னு நான் கேட்டதே இல்லையேன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

பன்னிரண்டு பேருக்கும் சீட்டுப் போட்டே, சிரிச்சே, ஒண்ணு விடாம என்கிட்ட ஒப்பிச்சே. எனக்கு மட்டும் ஏன்டி சீட்டே போடலை? அந்தத் தொட்டிக்கு நீ அப்படி என்னதான் குடுத்தே?

உன் அக்கா