நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினோரு வாசகர்கள்

கிட்வாய் நகர், புது தில்லி
27.9.2007

சிரஞ்சீவி ஜெயகிருஷ்ணனுக்கு,

எம்பெருமான் திருவருளால் உன் இல்லத்தில் சகல மங்களங்களும் தங்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, உன் பழைய தமிழ் டீச்சர் ஹம்சா எழுதுவது. இங்கே நானும் மகன் அக்ஷயும் மருமகள் ஷ்வேதாவும் நலம். மழை விட்டும் புழுக்கம் விடவில்லை. இந்தக் குவார்ட்டர்ஸ் ஷ்வேதாவின் அலுவலகத்தில் கொடுத்தது. கூரை ஒழுகுவதைப் பற்றி அவள் எழுதிப் போட்ட மனு இன்னும் யார் மேஜையிலோ உறங்குகிறது.

சித்திரை மாதம் தொலைபேசியில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "உங்க முந்தைய ரெண்டு புத்தகமும் கிடங்குல கட்டு பிரிக்காம இருக்கு டீச்சர். படிக்க ஆள் இருக்குன்னு காட்டுங்க, நாளைக்கே அச்சுக்கு அனுப்பறேன்" என்றாய். பதிப்பாளன் என்ற முறையில் நீ சொன்னது நியாயம். கோயிலின் நாற்பத்தெட்டுக் கைங்கரியங்களைப் பற்றி நாற்பத்தெட்டு வெண்பாக்களும் அவற்றுக்கு உரையும் எழுதி முடிக்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. நீர் சுமப்பது, பூத்தொடுப்பது, விளக்கிடுவது, அலகிட்டுப் பெருக்குவது என்று ஒவ்வொரு தொண்டுக்கும் ஒரு பாட்டு. அது நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துவிடலாகாது என்ற ஆசை எனக்கு உண்டு.

ஷ்வேதாதான் வழி காட்டினாள். கோடை முழுவதும் இரண்டு விரல்களால் நானே கணினியில் தட்டி, ஆகஸ்ட் பத்தாம் தேதி, பாட்டுக்கு ஒரு பக்கமாக நாற்பத்தெட்டையும் ஒரு வலைப்பூவில் ஏற்றினோம். பக்கத்தின் அடியில் ஓர் எண் ஓடுகிறது. வருகிறவர்களை அது எண்ணுமாம். நேற்றோடு நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம் நிறைவுற்றது. அந்த எண் நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று!

முப்பத்தோரு ஆண்டுகள் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தவள் நான். இத்தனை பேரை ஒருசேர எண்ணியதில்லை. பெருமாளுக்கு அக்காரவடிசில் செய்து சமர்ப்பித்தேன். இனி நீ சொன்ன சொல்லைக் காப்பாற்று.

ஆசீர்வாதங்களுடன்,
ஹம்சா


கிட்வாய் நகர்
20.10.2007

சிரஞ்சீவி ஜெயகிருஷ்ணனுக்கு ஆசீர்வாதம்.

நீ அனுப்பிய மேலட்டை மாதிரி வியாழனன்று கூரியரில் வந்தது. கருங்கல் தூணும் அதன் கீழே பூக்குடலையுமாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அழகு. பின்பக்கத்தில், "இணையத்தில் நாலாயிரத்து எண்ணூறு வாசகர்கள் படித்துப் போற்றியது" என்று பொன்னிற எழுத்தில் போட்டிருக்கிறாய். ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு ஆயிரம் பிரதிகள் என்றும் எழுதியிருக்கிறாய்.

ஜெயகிருஷ்ணா, அந்த வரியை எடுத்துவிடு. இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் ஸ்பீட் போஸ்டில் இந்தக் கடிதம்.

அட்டையை ஷ்வேதாவிடம் பெருமையாகக் காட்டினேன். எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று பார்க்கலாமா என்று அவள் கணினியில் ஏதோ பட்டியலைத் திறந்தாள். விரலால் வரிசையாக எண்ணிக்கொண்டே போனாள். பிறகு, "அம்மா, இந்த தில்லி ஆசாமி யாரு? கார்த்தால அஞ்சரைக்கு நாப்பத்தெட்டு, சாயங்காலம் ஆறரைக்கு நாப்பத்தெட்டு. ஒரு நாள் தவறல" என்றாள்.

"நான்தான். பாராயணம் பண்றேன்" என்றேன்.

"அரே அம்மா! நீங்க ஒவ்வொரு பக்கமா திறக்கறச்சே அதுவும் கணக்குல ஏறும்!"

உனக்குத் தெரியும், பாராயணத்துக்கு ஒரு நியமம் உண்டு. எடுத்தால் முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை சேவித்தே நிறுத்த வேண்டும், நடுவில் எழுந்திருக்கலாகாது. பெருமாளைப் பாடிய பாட்டு, எழுதியவள் நானே ஆனாலும், ஏட்டில் ஏறிய பின் அவருடையது. அந்த நியமத்தைக் கணினியிலும் வழுவாமல் கடைப்பிடித்தேன். இரு வேளையும் சேர்த்து ஒரு மண்டலத்துக்கு நாலாயிரத்து அறுநூற்று எட்டு. என் வாசகர் கூட்டம் பெரும்பாலும் நானே.

மிஞ்சியது இருநூற்று மூன்று. அதில் குர்காவ் என்று தினமும் மூன்று முறை வந்திருந்தது. வேலையிலிருந்து திரும்பி ராஜ்மா சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்ஷய் தலையைக் குனிந்துகொண்டான். "ஆபீஸ்ல சாய் குடிக்கப் போறப்போ மூணு தடவ தட்டிட்டுப் போவேன்மா. நம்பர் ஏறினா நீ சந்தோஷமா இருக்கியேன்னு."

"படிச்சியாடா?"

"தமிழ் படிக்க வந்தாத்தானேம்மா."

குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது? ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்தேன். இவனை இவனுடைய அப்பா ஆசைப்பட்ட ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். மாலையில் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாலையில் திருத்த வேண்டிய நோட்டுகள் இருந்தன. நாற்பத்தெட்டு நாள் அம்மாவின் எழுத்தைப் படமாகப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

அவனையும் கழித்தால் ஐம்பத்தொன்பது. ஆள் கணக்கில் பத்துப் பன்னிரண்டு பேர் தேறுவார்கள் என்கிறாள் ஷ்வேதா.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பதினேழாம் பாட்டின் கீழே செப்டம்பர் இரண்டாம் தேதியே ஒருவர் பின்னூட்டம் எழுதியிருக்கிறார். எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது ஏழு வாரமாகப் படவில்லை. பெரியண்ணன் என்று பெயர். ஷார்ஜா விமான நிலையத்தில் தரை துடைக்கும் வேலையாம். "அம்மா, நம்ம வேலைக்கும் ஒரு பாட்டு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும். டூட்டிக்குப் போறதுக்கு முன்ன ரெண்டு தடவ படிச்சேன். ஆனா ஒண்ணு. வாசல்ல தொடங்கி சந்நிதி வரைக்கும் பெருக்கறதா எழுதியிருக்கீங்க. கூட்டறவன் உள்ள இருந்துதான் வாசலுக்கு வருவான். நீங்க சொன்ன மாதிரி பெருக்கினா குப்பை பூரா சாமிகிட்டதான் போய்ச் சேரும். கோவிச்சுக்காதீங்க" என்று எழுதியிருக்கிறார்.

ஒன்பது ஆண்டுகள் எதுகையும் தளையும் பார்த்தேன். துடைப்பம் எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்கவில்லை. அன்றே அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். பாட்டின் பின்னிரண்டு அடிகளையும் மாற்றிவிட்டேன். திருத்தத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நூலை நீ கைவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இராது. பெருமாள் முன் நின்று சொல்ல முடியாத எண்ணை என் நூலின் முதுகில் ஏற்றாதே.

இப்படிக்கு,
உன்னைத் தெரியாமல் ஏமாற்றிய
ஹம்சா டீச்சர்


கிட்வாய் நகர்
24.1.2008

சிரஞ்சீவி ஜெயகிருஷ்ணனுக்கு,

தை பிறந்ததும் வழி திறக்கட்டும் என்று உனக்காகவும் பிரார்த்தித்தேன். "அட்டையை நிறுத்திவிட்டேன். நூலைப் பற்றி யோசிக்க அவகாசம் கொடுங்கள்" என்று இரண்டே வரியில் நீ எழுதிய கார்டு பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. கண்காட்சி முடிந்து களைத்திருப்பாய். உன்னை நெருக்குவதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நீ அறிய வேண்டும்.

மார்கழி முதல் நாள் கடுங்குளிர். நான் ரஜாயைப் போர்த்தியபடி வாய்விட்டுப் பாராயணம் செய்துகொண்டிருந்தேன். கணினியை மூடிவிட்டு நோட்டைப் பார்த்துத்தான். அக்ஷய் தேநீரோடு வந்து அருகில் உட்கார்ந்தான். "நிறுத்தாதம்மா. நீ படிச்சா எனக்குப் புரியறது. அர்த்தமும் சொல்லு" என்றான். முடிந்ததும் தன் செல்பேசியைக் காட்டினான். முதற்பாட்டும் பொருளும் என் குரலில் அதில் இருந்தன. அன்றிலிருந்து நாளுக்கொரு பாட்டு. ஒரு நாள் பிரஷர் குக்கரின் விசிலும் சேர்ந்து பதிவாகியது. ஷ்வேதா அதை நீக்க மறுத்துவிட்டாள்.

அவள் அவற்றை வலைப்பூவில் ஏற்றி, ஆர்குட்டில் தில்லித் தமிழர்கள் கூடும் ஒரு குழுவிலும் செய்தி போட்டாள். நான் அங்கே வருகிற பிள்ளைகளை அறிவேன். வீட்டில் தமிழ் பேசுவார்கள், கோயிலில் நம்மோடு கைகூப்புவார்கள், அறிவிப்புப் பலகையை மட்டும் இந்தியில் படிப்பார்கள். நொய்டாவில் வேலை பார்க்கும் ஜ்யோத்ஸ்னா என்ற பெண் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாள். ஷ்வேதா படித்துக் காட்டினாள்: "ஆன்ட்டி, பஸ்ல ஹெட்போன் போட்டுண்டு கேட்டேன். பூத்தொடுக்கற பாட்டுல அழுகை வந்துடுத்து. ஸ்டாப்பை விட்டுட்டேன். எழுத்துதான் எனக்கு வராது, பாட்டு புரியறது." இன்னொருவர், குக்கர் எத்தனை விசிலுக்கு இறக்கினீர்கள் என்று கேட்டிருந்தார். மூன்று என்று எழுதினேன்.

யோசித்துப் பார்த்தால், உரை என்பதே சொல்லிக் கேட்டு வளர்ந்தது. எழுத்தாக மட்டும் நீட்டியது என் பிழை.

அடியில் ஓடிய அந்த எண்ணை எடுத்துவிடச் சொன்னேன். இப்போது பெயரோடு எழுதுகிறவர்களை மட்டும் ஒரு நோட்டில் குறிக்கிறேன். எழுபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் பதில் போய்விட்டது. திருத்திய பதினேழாம் பாட்டைப் பெரியண்ணன் தம் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறாராம். "இப்பதான் சரியா பெருக்கறீங்க" என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது. இந்த எழுபத்து மூவரில் நாற்பத்திரண்டு பேர் புத்தகம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். அவர்களில் சரிபாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. "நீங்க படிக்கறதைக் கேட்டுண்டே விரல் வெச்சுண்டு வரலாமே ஆன்ட்டி, எழுத்து பெருசா இருக்கணும்" என்கிறாள் ஜ்யோத்ஸ்னா. நாற்பத்திரண்டு பேரின் பெயரும் முகவரியும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆயிரம் வேண்டாம், உனக்கு நட்டம் வராத அளவுக்கு எத்தனை முடியுமோ அத்தனை போடு. எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

நம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் முதற்பாட்டை ஷ்வேதா கொட்டை எழுத்தில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறாள். அக்ஷய் தினமும் தண்ணீர்க் குப்பியை எடுக்கப் போய், கதவைத் திறக்காமல் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்கிறான். நான் அடுக்களைப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறேன். நேற்று இரண்டாம் அடி வரை வந்துவிட்டான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூல் வெளிவந்தால் முதற்பிரதியை எனக்கு அனுப்பாதே. குர்காவில் அவன் அலுவலகத்துக்கு அனுப்பு. விலாசம் பட்டியலின் கடைசியில் இருக்கிறது. கூரியர்க்காரருக்காக முகவரியை ஆங்கிலத்தில் எழுது. பெயரை மட்டும் தமிழில் எழுது. வாசித்துக்கொள்வான்.

நீயும் உன் அச்சகமும் தழைக்க எம்பெருமான் துணை நிற்கட்டும்.

மிகுந்த அன்புடன்,
ஹம்சா