ஆற்றைக் கடந்த குட்டி யானை

என்னங்க,

நீங்கள் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் கூப்பிட்டேன், இப்போதும் இதுதான் வாயில் வருகிறது. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்கள் மகள் படித்துவிட்டாள்! நீங்கள் பாதியில் விட்டுப்போன குட்டி யானைக் கதையைக் கடைசிப் பக்கம்வரை கவியே படித்தாள்.

ஒரே புத்தகத்தை எதற்கு இரண்டாக வாங்குகிறீர்கள் என்று சண்டை போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவீர்கள். வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து, ஒரு பிரதியைப் படித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்புவீர்கள். இங்கே அவள் இன்னொன்றை விரித்துவைத்துக்கொண்டு கேட்பாள்.

குட்டி யானை செம்பனைத் தோட்டத்தில் வழிதவறி, ஆற்றங்கரையில் நிற்கும் பக்கத்தோடு நீங்கள் போய்விட்டீர்கள். பாழாய்ப்போன மாரடைப்புக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? மீதியை நான் படிக்கிறேன் என்றேன். "வேணாம்மா, அப்பா இல்லன்னா நானேதான் படிப்பேன்," என்று புத்தகத்தை மூடிவிட்டாள். இரண்டு வரி படிப்பதற்குள் வியர்த்துப்போகிற பிள்ளை.

உங்கள் அக்கா சும்மா இருப்பாரா? "தமிழ்ப் பள்ளியில போட்டதாலதான் இப்படி. மலாய்ப் பள்ளிக்கு மாத்திடு லா!" என்று வாரம் தவறாமல் பாட்டு. கடைசியில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

சோதித்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இது டிஸ்லெக்சியா, எழுத்தக் கூட்டிப் படிக்கிறதுல வர்ற சிரமம். பள்ளிக்கூடத்தாலயும் வரல, நீங்க வளத்த விதத்தாலயும் வரல. கதை படிச்சுக் காட்டுனா மட்டும் சரியாகாது, தனியா பயிற்சி வேணும். ஆனா இந்த வயசுல எவ்ளோ சொல் தெரிஞ்சு வச்சிருக்கா! புத்தகம்னா பயந்து ஓடவும் இல்ல. வீட்டுல யாரு படிச்சுக் காட்டுறது?" நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது படிக்கச் சிரமமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக் கடையில் மெனுவை என் பக்கமே தள்ளிவிடுவீர்களே. பதிவுகளில் அடிக்கடி நின்று, "இரு இரு, தடுக்கிருச்சு. அப்பா திரும்பப் படிக்கிறேன்," என்று சிரிப்பீர்களே. கேண்டீன் இரைச்சலால்தான் தடுமாறுகிறீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்! ஏங்க, என்னிடம் ஏன் சொல்லவில்லை? அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க உங்களுக்கு எவ்வளவு துணிச்சல்!

அதிலிருந்து பயிற்சிதான். அழுதாள், பென்சிலை விட்டெறிந்தாள், மறுபடி எடுத்தாள்.

போன ஞாயிறு உங்கள் ஆண்டுத் திதி. மீன் கறி, நண்டு, பால் ஊற்றாத கோப்பி ஓ எல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் இலைபோட்டு வைத்தேன். "அப்பாவுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும்ல?" என்று கவி அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தாள். நீங்கள் வந்து சாப்பிட வேண்டுமே, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். இவள் மட்டும் வரவில்லை.

உள்ளிருந்து குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. திடீரென்று நின்றுபோனது. அக்கா கதவைத் திறக்கக் கையை வைத்தார். "அண்ணி, விடுங்க, அவளே வருவா," என்று நான் பிடித்துக்கொண்டேன்.

"இருங்கப்பா, தடுக்கிருச்சு. திரும்பப் படிக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், உங்களைப் போலவே.

குட்டி யானை ஆற்றைக் கடந்து அம்மாவிடம் போய்ச் சேரும்வரை யாரும் அசையவில்லை. கறியெல்லாம் ஆறிப்போனது, ஆறட்டும். "அலமாக், என் தம்பி பிள்ளை படிச்சிட்டா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தியது யார் தெரியுமா? உங்கள் அக்காதான். பள்ளி மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு காணோம்.

ஒரு வாக்குத் தருகிறேன். கவி எத்தனை முறை தடுமாறினாலும், இந்த வீட்டில் யாரும் முந்திக்கொண்டு அவளுக்காகப் படித்துவிட மாட்டோம். காத்திருப்போம். அடுத்த புத்தகமும் இரண்டு வாங்கிவிட்டேன். உங்களுடையது படத்துக்குக் கீழே இருக்கிறது. விரித்துவைத்துக்கொள்ளுங்கள், இனி அவள் படிப்பாள்.

உங்கள் மனைவி,
கவியின் அம்மா
கூலாய், ஜொகூர்