அக்ரூட் மரம் துளிர்த்த நாள்

உருகுநீர் மாதம் 27

எல்ஃப் குலத்தின் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். வசந்த விழாத் தோரணத்தின் நாடா இனி மஞ்சள் அல்ல, இளம்பச்சை. அறுபத்திரண்டு ஆண்டு விவாதம் இத்துடன் முடிந்தது. தலைவர் துவர்னல் கண்கலங்கினார். விழாச் சபையின் எழுத்தர் என்ற முறையில் அதை என் கையாலேயே பதிவு செய்தேன்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். ஆற்றுக் குலத் தலைவருக்குத் தளிர் மாதம் 21 வசதிப்படாதாம். விழா 12ஆம் தேதிக்கு முன்தள்ளப்பட்டது. யாரும் மறுக்கவில்லை. காளான் சூப் ஆறிக்கொண்டிருந்தது. நானும் கை தூக்கினேன்.

தளிர் மாதம் 1

நெவ்ரீத்திடம் இன்றுதான் சொன்னேன். என் மனைவி எதற்கும் உடனே பதில் சொல்பவள். இன்று ஜன்னல் வழியே, தான் பிறந்த அன்று நட்ட தன் பிறவி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்ரூட். ஊரிலேயே கடைசியாகத் துளிர்க்கும் மரம். இருநூறு வருடமாக விழாவுக்கு முதல் நாள்தான் அது கண் திறக்கும்.

"கை தூக்கினியே, என் மரம் ஞாபகத்துக்கே வரலியா?"

"சூப் ஆறிட்டிருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

உப்பு குறைவு என்றேன். ஏன் சொன்னேன்?

தளிர் 4

துவர்னலைப் போய்ப் பார்த்தேன். அவருடைய பிறவி மரம் பாதாம். அது பூத்து, இலையும் விட்டாயிற்று. வசந்தம் வந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி என்றார். பிறகு, நான் இருபது முறை பிரதி எடுத்த விதியை எனக்கே விளக்கினார். விழா விடியலில் அழைப்புக்காரி மரம் மரமாகப் போவாள். துளிர் இருந்தால் மரத்துக்கு உரியவரைப் பெயர் சொல்லி அழைப்பாள். மொட்டையாக இருந்தால் அழைக்க மாட்டாள். அழைக்கப்படாதவர் அன்று மாலையே பாலம் தாண்டி அக்கரைக்குப் போய்விட வேண்டும்.

ஆயிரம் வயதைக் கடந்து, மரமும் பட்டுப்போனவர்கள் கௌரவமாக விடைபெறுவதற்கு ஏற்பட்ட வழக்கம் இது. நெவ்ரீத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. நேற்று கூரை மேல் ஏறி ஓடு மாற்றினாள்.

தேதியைப் பழையபடி மாற்றலாமே என்றேன்.

"நாடாவுல பன்னெண்டுன்னு தைச்சாச்சேப்பா" என்றார்.

தளிர் 8

மரத்தடியில் வெந்நீர் ஊற்றுகிறேன். தண்டுக்குக் கம்பளி சுற்றியிருக்கிறேன். "மரத்தை அவிச்சுத் திங்கப் போறியா?" என்கிறாள்.

தளிர் 11

ஒரு மொட்டும் அவிழவில்லை.

ஆற்றுக் குலத் தலைவர் வரவில்லை. சளியாம், ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். சபைக்கு ஓடினேன் — அப்படியானால் 21க்கே வைத்துக்கொள்ளலாமே? வராத விருந்தினருக்காக வைத்த தேதியை மாற்றுவது விருந்தினரை அவமதிப்பதாகும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஏகமனதாக என்றால் என்னைத் தவிர. அப்படி எழுதும் வழக்கம் இல்லை.

தளிர் 12

விடியுமுன் தாழ்ந்த கிளையில் ஓர் இலையை நூலால் கட்டினேன்.

அழைப்புக்காரி ஒஸ்னா வேறு யாருமல்ல, நெவ்ரீத்தின் தங்கை. மரத்தின் முன் வந்து நின்றாள். கட்டிய இலையை விரலால் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தான், இது பாதாம் எலை" என்றாள் மெதுவாக.

"தெரியும். கூப்பிடு."

ஊரே பின்னால் நின்றது. பொய்யாக அழைத்தால் அழைத்தவளும் பாலம் தாண்ட வேண்டும். ஒஸ்னாவுக்குக் கைக்குழந்தை. அவள் அக்காவைப் பார்த்தாள். நெவ்ரீத் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அடுத்தது என் மரம். என் பெயரை அழைத்தாள். "இருக்கிறேன்" என்றேன். வாய்ப் பழக்கம். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாலையில் பாலம் வரை போனேன். நானும் வருகிறேன் என்றேன்.

"நீயும் வந்துட்டா இங்க மரத்துக்காகப் பேச யாரு இருக்கா? எழுதுறவன் நீதானே. எதையாவது எழுதி என்னைத் திரும்பக் கூட்டிக்கோ."

என் தோளிலிருந்த தன் மூட்டையை வாங்கிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்து, பின்பக்கத்து ஓடு இன்னும் ஒன்று ஒழுகுகிறது என்றாள்.

தளிர் 15

விதி நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். போவதற்குப் பதினேழு விதிகள். திரும்பி வருவதற்கு ஒரே ஒரு வரி: அடுத்த விழாவில் மரம் துளிர்த்திருந்தால் அழைக்கலாம்.

அதற்கு அடுத்த வரி: அழைக்கப்படாதவரின் மரத்தை அம்மாதம் 27ஆம் தேதி வெட்டி, விழாப் பந்தலுக்குப் பெஞ்சு செய்ய வேண்டும்.

இரண்டும் ஒரே கையெழுத்து. எழுதியவர் என் தாத்தா.

மரத்தை வெட்டக்கூடாது என்று மனு எழுதினேன். ஒன்பது பக்கம்.

தளிர் 20

துளிர்த்துவிட்டது! கிளைக்குக் கிளை. தன் வழக்கப்படி, தன் நாளில்.

துவர்னலைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இலையை அடியில் தடவிப் பார்த்தார், நூல் இருக்கிறதா என்று. இல்லை. நிஜ இலைதான் என்று ஒப்புக்கொண்டார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். மனுவைச் சபையின் நாற்பத்தோராவது விவாதப் பொருளாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். இப்போது நடப்பது நாற்பதாவது: நாடாவின் அகலம்.

தளிர் 26

நாடாவின் அகலம்.

தளிர் 27

நெவ்ரீத்தின் மரம் இன்று வெட்டப்பட்டது. பதினான்கு பலகை தேறியது. பச்சை மரம் என்பதால் உலர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றார் தச்சர். அடுத்த விழாவுக்குப் பழைய பெஞ்சுகளே.