படிவத்தில் ஒன்பது என்று இருக்கிறது

செவ்வாய், காலை

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்கள் அண்ணன் மகள். நீங்கள் கடைசியாக என்னைப் பார்த்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தேன். இப்போது பத்தாம் வகுப்பு. உங்கள் மின்னஞ்சல் முகவரியை எனக்கு யாரும் தரவில்லை. உங்கள் நிறுவனத்தின் உதவிக் கொள்கை ஆவணத்தில், கடைசிப் பக்கத்தில், உங்கள் பதவிக்குக் கீழே இருந்தது. நாற்பத்தொரு பக்கங்களையும் பென்சிலால் அடிக்கோடிட்டு இரண்டு முறை படித்தேன். ஒரு சொல்கூட அதிகமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா சுகம். அப்பா சனிக்கிழமையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. மருத்துவமனைக் கணினி அறையிலேயே இருக்கிறார். அம்மா தினமும் மாற்றுச் சட்டை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முந்தின நாள் கொடுத்த சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துவருகிறார்.

காரணம் உங்கள் மென்பொருள்தான். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று செவிலியர்களுக்கு அதுதான் பட்டியல் தருகிறது. சனிக்கிழமை அது பாதியில் நின்றுவிட்டது. உங்கள் உதவிப் பிரிவுக்குப் படிவம் போனது. ஒரு பொறியாளர், சரிசெய்ய ஒரு கட்டளை எழுதி அனுப்பினார். அப்பா அதை எழுத்துப் பிசகாமல் ஓட்டினார். பட்டியல் திரும்பி வந்தது, ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலின் மருந்தோடு வந்தது.

பதினான்காம் கட்டில் பெரியவருக்குச் சர்க்கரையே கிடையாது. அவருக்கு இன்சுலின் போடப் போய்விட்டார்கள். தலைமைச் செவிலியர் ஓடிவந்து ஊசியைப் பிடுங்கி, "கம்ப்யூட்டர் சொன்னா கண்ண மூடிட்டு குத்திருவீங்களா? படுத்திருக்கறவர் மூஞ்சிய ஒரு தடவ பாக்க மாட்டீங்களா?" என்று கத்தியதில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பட்டியலைக் கையால் எழுதுகிறார்கள். பள்ளி விட்டதும் நானும் போய்க் கோடு போட்டுக் கொடுக்கிறேன். தலைமைச் செவிலியர் என்னை 'முன்னுரை' என்றுதான் கூப்பிடுவார். எதைக் கேட்டாலும் முன்னுரை வைத்துத்தான் பதில் சொல்கிறேனாம்.

அப்பா, "எங்கயோ நான்தான் தப்பா அடிச்சிருக்கேன்" என்று அந்தக் கட்டளையையே விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். உங்கள் கொள்கைப்படி, மென்பொருளைப் புதுப்பிக்க நீங்கள் அனுப்பும் பேட்ச்சுகளில் கடைசி மூன்றில் ஒன்றைப் போட்டிருந்தால்தான் உதவி. இப்போது ஏழு, எட்டு, ஒன்பது. ஓரிடத்தில் இன்னும் ஆறிலேயே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேட்ச் போட வேண்டுமானால் ஐந்து மணி நேரம் மென்பொருளை நிறுத்த வேண்டும். அனுமதி கேட்டுப் பதினொரு முறை எழுதியும், பதினொரு முறையும் நிர்வாகி "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட இடத்துக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மருமகள்

*

புதன், பிற்பகல் இரண்டு இருபது

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதில் காலையில் வந்தது. "படிவத்தைப் பார்த்தேன், ஒன்பது என்று இருக்கிறது, விதிக்குள் வருகிறது, என் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ பாடத்தைப் படி" என்று எழுதியிருந்தீர்கள். ஆறில் இருப்பவர்களுக்கு ஒரே பதில்தான், முதலில் மேலே வரச் சொல்வோம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் பள்ளி நூலகத்தில் உட்கார முடியவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தேன். இது என் இரண்டாவது பொய்.

முதலாவது அந்த ஒன்பது.

அப்பாவுக்குக் கணினி வரும், கடிதம் வராது. ஏழாம் வகுப்பிலிருந்து அவருடைய படிவங்களையும் கடிதங்களையும் நான்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை பேட்ச் எண் கேட்ட கட்டத்தில் உண்மையைத்தான் போட்டேன், ஆறு. உடனே சிவப்பு எழுத்தில் "இந்த நிலைக்கு உதவி இல்லை" என்று வந்தது. அனுப்பும் பொத்தான் மங்கிவிட்டது. அப்பா தொலைபேசியில் வார்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆறை அழித்து ஒன்பது போட்டேன். பொத்தான் பளிச்சென்று வந்தது. அழுத்திவிட்டேன். "போயிருச்சாம்மா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா உங்களிடம் இதே மருத்துவமனைக்காக ஒரு விதிவிலக்குக் கேட்டதும், நீங்கள் மறுத்ததும், அப்பா "இனிமே உனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்ததும் எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஆறு என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று அதனால்தான் நினைத்தேன். உங்கள் பொறியாளர் மேல் தவறில்லை. பெரியவரின் வயதைக் காட்டிக் குழந்தைக்கு மருந்து வாங்கினால் மருத்துவர் என்ன செய்வார்?

இன்று காலை அந்தப் பொறியாளர் இன்னொரு கட்டளை அனுப்பியிருக்கிறார், அதுவும் ஒன்பதுக்கு. ஆறில் அதை ஓட்டினால், கெடுவதற்கு முன்பிருந்த பட்டியலின் நகலும் அழிந்துவிடும். அப்பா விசைப்பலகையில் கை வைத்திருந்தபோதுதான் உள்ளே போனேன். முன்னுரை இல்லாமல் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, திரும்பப் போட்டார். "அப்ப நான் தப்பா அடிக்கலயா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எண்ணைத் தான்தான் மாற்றிப் போட்டதாக எழுதுகிறார். அத்தை, அப்பா தானாக எழுதும் முதல் கடிதம் இதுதான், அதுவும் பொய். நான் அழுதபோது, "நீ எங்கம்மா போட்ட, படிவத்துக்குக் கீழ இருக்கறது என் கையெழுத்து. போய் மூஞ்சிய கழுவு" என்றார். நாளை காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் விசாரணை, அங்கே அந்தக் காகிதத்தைக் கொடுக்கப் போகிறார். பேட்ச் போட அனுமதி கேட்டு நிர்வாகிக்கு எழுதிய பதினொரு கடிதங்களையும் காட்டச் சொன்னேன். எண்ணைப் பொய்யாகப் போட்டவன் காட்டும் காகிதத்தை யார் நம்புவார்கள் என்கிறார்.

மேலே வரச் சொல்கிறீர்கள். அப்பா ஏழாம் பேட்ச் போட முயன்றார். பட்டியல் சரியாக இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று மென்பொருள் நின்றுவிட்டது. பட்டியலைச் சரிசெய்ய உங்கள் ஆள் வேண்டும். உங்கள் ஆள் வர ஏழு வேண்டும். அப்பாவால் இந்த வட்டத்திலிருந்து வெளியே வர முடியாது. கையெழுத்துப் பட்டியலும் எத்தனை நாள் தாங்கும்? இன்று பகலில் ஒரு செவிலியர் எழுதிக்கொண்டே தூங்கிவிட்டார்.

விதியை மீறச் சொல்லவில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தில், உயிருக்கு ஆபத்து உள்ள இடங்களுக்குப் பொறுப்பாளர் எழுத்தில் அனுமதித்தால் பழைய பேட்ச்சுக்கும் ஆள் அனுப்பலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பொறுப்பாளர் நீங்கள். அந்த வரியையும் நீங்கள்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாவை நினைத்து எழுதினீர்களா என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

அப்பாவின் காகிதம் உங்களுக்கு வந்தால் நம்ப வேண்டாம். இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள். பள்ளிக்கு அனுப்பினாலும் சரி. எனக்குப் பதில் எழுத வேண்டாம், அத்தை. அப்பாவைக் கூப்பிடுங்கள். எண் மாறவில்லை. எடுத்ததும் பேசமாட்டார். தயவுசெய்து கொஞ்ச நேரம் வைத்துவிடாமல் இருங்கள்.

உங்கள் அண்ணன் மகள்